அத்தை பக்கத்துல இருக்கும்போது நர்ஸம்மாகிட்ட எப்படி கேக்கறது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். வயசு 23. பொண்ணுக்கு 8 மாசம், சிசேரியன். அவரு சிங்கப்பூர்லேர்ந்து தைப் பொங்கலுக்கு வர்றாரு, 40 நாள் லீவு. அடுத்தது பையனா பெத்துக் குடுத்துடுன்னு அத்தை இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு இப்ப வேண்டாம். நர்ஸம்மா வந்தா அத்தை நகர மாட்டேங்குறாங்க. ஊசி போட்டா அப்புறம் குழந்தையே தங்காதாமே? புருஷன் கையெழுத்து கேப்பாங்களா?

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர படிச்சதும் எங்க வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு. நர்ஸம்மா மடியில ரெஜிஸ்டர விரிச்சு வச்சுகிட்டு, ஒரு கையில மோர் டம்ளரோட, "மருமக என்ன முடிவு பண்ணிருக்கு?"ன்னு எங்க மாமியார்கிட்ட கேப்பாங்க, நான் கதவு நிலையப் புடிச்சுகிட்டு நிப்பேன். மூத்தவனுக்கு 14 மாசம் ஆகும்போது அடுத்தவன் பொறந்துட்டான். அந்த நர்ஸ் மேல இன்னும் எனக்குக் கோவந்தான், என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முதல்ல கையெழுத்து விஷயம். புருஷன் கையெழுத்து வேண்டாம். ஊசிக்கும் இல்ல, காப்பர் டிக்கும் இல்ல, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கே சட்டப்படி தேவையில்ல. யாராவது கேட்டா எதுக்குன்னு திருப்பிக் கேளுங்க.

கர்ப்பம் தரிக்காம இருக்கப் போடுற இந்த ஊசி பேரு அந்தரா, 2017லேர்ந்து கவர்மெண்ட்ல இலவசமா போடுறாங்க, 3 மாசத்துக்கு ஒண்ணு. பால் குடுக்குறவங்களும் போட்டுக்கலாம். ஊசி போட்டா குழந்தையே தங்காதுன்னு சொல்றது தப்பு, ஆனா அந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ஊசிய நிறுத்துனதும் உடனே தங்காது, கடைசி ஊசிலேர்ந்து பொதுவா 7லேர்ந்து 10 மாசம் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள ஊரே மலடுன்னு பேர் வச்சுடும். இன்னொண்ணு, தீட்டு முன்ன பின்ன வரும், சிலருக்கு நின்னே போயிடும், அது வியாதி இல்ல. ஆனா உங்க அத்தை காலண்டர்ல நாள் எண்ணுற ஆளா இருந்தா அத யோசிச்சுக்குங்க.

அது ஒத்து வரலன்னா சாயான்னு ஒரு மாத்திரை, ஹார்மோன் கிடையாது, முதல் 3 மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு. ஆனா மாத்திரை அட்டைய ஒளிச்சு வைக்கணும், அதோட இதுலயும் நாள் தள்ளிப்போகலாம். காப்பர் டி வருஷக்கணக்குல தாங்கும், வேணும்ங்கறப்ப எடுத்துடலாம், என்ன, முதல் சில மாசம் ரத்தப்போக்கு கூடும், ரத்த சோகை இருந்தா அத டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். பால் குடுக்குறோமே தங்காதுன்னு மட்டும் இருந்துடாதீங்க, 6 மாசம் தாண்டிட்டா அந்த நம்பிக்கை செல்லாது.

இப்ப எப்படி கேக்கறதுன்னு. பாப்பாவுக்கு அடுத்த மாசம் 9 மாசத் தட்டம்மை ஊசி வருதுல்ல, புதன்கிழமை அதுக்குப் போறத எந்த அத்தையும் தடுக்க மாட்டாங்க. நடவு, களையெடுப்புன்னு அவங்க வயலுக்குப் போற நாளா இருந்தா இன்னும் நல்லது. அங்க கேளுங்க. அந்தராவுக்கு முதல் ஊசி பி.எச்.சி.ல, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல, டாக்டர் பாத்துட்டுத்தான் போடுவாங்க, அதனால பொங்கல் வரைக்கும் இழுக்காதீங்க. ஒரு அட்டை குடுப்பாங்க, அத பாப்பாவோட தடுப்பூசி அட்டை கவருக்குள்ளயே சொருகிடுங்க, அத யாரும் பிரிச்சுப் பாக்கறதில்ல.

அவருகிட்ட மறைக்கணுமான்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன். பிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே போன்ல பேசிடுங்க. வயித்தக் கிழிச்சு எடுத்திருக்கு, குழந்தை பொறந்து 2 வருஷமாவது விட்டுத்தான் அடுத்தது உண்டாகணும்னு டாக்டருங்க சொல்றாங்கன்னு சொல்லுங்க. பாதிப் பேரு அம்மாவுக்குப் பயந்துதான் பேசாம இருக்கான்க, உங்காளு எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். அடிக்கிற, சண்டை இழுக்குற ஆளுன்னா சொல்லவே வேண்டாம், ஊசியோட நிறுத்திக்குங்க.

புதன்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலன்னா நர்ஸம்மா நம்பர வாங்கி வச்சு, அத்தை கடைக்குப் போன நேரமா பாத்து "தனியா அஞ்சு நிமிஷம் பேசணும்க்கா"ன்னு ஒரு போன் போடுங்க.