டாம் அண்ட் ஜெர்ரி தொடக்கத்தில் ‘ஃப்ரெட் குவிம்பி’ என்று பெயர் வருகிறதே, அவர்தான் அதை வரைந்தவரா?

இல்லை. அவர் ஓவியரே இல்லை. எம்ஜிஎம் கம்பெனியின் கார்ட்டூன் பிரிவுக்கு மேலாளர், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளை டிவியை விடாது. நீங்களும் கூடவே உட்கார்ந்து அந்தப் பெயரையே நூறு தடவை பார்த்திருப்பீர்கள், அதான் கேட்கிறீர்கள்.

உருவாக்கியவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும். முதல் படம் 1940 பிப்ரவரியில் வந்தது. அதில் பூனையின் பெயர் டாம் இல்லை, ஜாஸ்பர். எலிக்குப் படத்தில் பெயரே கிடையாது. டைட்டிலில் ரூடால்ஃப் ஐசிங் என்பவர் பெயர் மட்டும் இருக்கும். இவர்கள் இருவர் பெயரும் இருக்காது. அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் அப்புறம் ஆபீசுக்குள் நடத்திய போட்டியில் வந்தவை. சொன்ன ஜான் கார் என்ற ஓவியருக்கு 50 டாலர் பரிசு. அடி வாங்கும்போது டாம் போடும் அலறல் இருக்கிறதே, அது ஹன்னாவின் சொந்தத் தொண்டை. அதற்குப் பிறகு ஏழு ஆஸ்கர். மேடையேறி வாங்கிக்கொண்டவர் குவிம்பி.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சுவர் ஓவியன். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நர்சரி பள்ளியின் காம்பவுண்டு சுவர் முழுக்க டாம் அண்ட் ஜெர்ரி வரைந்தேன். ஒன்பது நாள் வேலை, மே மாத வெயில். டாமின் சாம்பல் நிறம் லேசில் வராது. வெள்ளையில் கறுப்பு ஸ்டெய்னரை மட்டும் கலந்தால் சிமெண்டுச் சுவர் மாதிரி செத்துக் கிடக்கும், ஒரு சொட்டு நீலம் விட வேண்டும். மீசைக்கு மெல்லிய பிரஷ், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. கடைசி நாள் சாயங்காலம் கான்ட்ராக்டர் வந்து, ஜெர்ரியின் காலுக்குக் கீழே அவர் பெயரையும் செல் நம்பரையும் எழுதச் சொன்னார். எழுதினேன், என் கையாலேயே. தினக்கூலி வாங்குகிறவன் வேறு என்ன செய்ய?

“நிர்வாகம் பண்ணவும் ஆள் வேண்டாமா?” என்று யாராவது கிளம்புவீர்கள். வேண்டும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. டாம் அண்ட் ஜெர்ரியே ஊரான் வரைந்தது, அதில் உனக்கென்ன பெயர் என்றும் கேட்கலாம். அதுவும் நியாயம். ஆனால் அந்தச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு மேல் ஒரு குழந்தையின் கை எட்டாது என்று கணக்குப் போட்டு, ஜெர்ரியைக் கீழேயும் டாமை மேலேயும் வைத்தவன் நான். அது கான்ட்ராக்டர் யோசனை கிடையாது.

அந்த வேலையும் இப்போது இல்லை. எல்லாம் ஃப்ளெக்ஸ். சதுர அடிக்கு இவ்வளவு என்று நெட்டிலிருந்து படத்தை எடுத்து அடித்து ஆணி அறைந்துவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் டாம் வெளுத்து, காது பக்கம் கிழிந்து தொங்குகிறது. காதுகுத்துக்கும் அதே ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலிக்கும் அதே ஃப்ளெக்ஸ்.

சரி, கேள்விக்கு வருகிறேன். குவிம்பி 1955-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு வந்த படங்களில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஹன்னா, பார்பரா பெயர்களே வரும். 1957-இல் எம்ஜிஎம் அந்தப் பிரிவையே மூடிவிட்டது.