தாத்தாவின் நாடக டைரியில் பூஞ்சை: லேமினேட் வேண்டாம்

வணக்கம். குன்னூர் வீட்டுப் பெட்டியில் கிடந்த தாத்தாவின் நாடகக் கம்பெனி டைரி, நடிகர்களின் ஆட்டோகிராப், நோட்டீஸ்கள் எல்லாம் பூஞ்சை பிடித்திருக்கின்றன, லேமினேட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு தாள் கிழியாமல் உரிக்க முடியாது. வெயிலும் கூடாது, பேனா மை வெளுத்துவிடும்.

முகமூடி அணிந்து, நிழலில் விரித்து, காற்று நேராக அடிக்காமல் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். பூஞ்சை பொடியாக உதிரும் பதம் வந்தபின், வாசலில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள்.

நீலகிரியில் ஈரம்தான் முதல் எதிரி. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் தாண்டினால் பூஞ்சை திரும்ப வரும். இறுக மூடும் டப்பா, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல், ஈரப்பதமானி மூன்றும் போதும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், குளிர்ந்த சுவரில் நீர் கோக்கும்.

ஒன்று முக்கியம்: பழைய நோட்டீஸ்கள் பலவற்றில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இருக்காது. அதைச் சொல்லப்போவது அந்த டைரிதான். எனவே இருந்த வரிசை கலையாமல் முதலில் படமெடுத்து, பின்பக்க மூலையில் பென்சிலால் எண் போடுங்கள். பழைய தமிழ் நூல்களைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இவற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.