சனிக்கிழமை வகுப்பை விடுங்கள், தம்பி

கேள்வி: எங்கள் வீட்டில் நான்தான் முதல் விசுவாசி. ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. சுவிசேஷம் சொல்வதற்கான பயிற்சி வகுப்புக்குச் சனிக்கிழமை தவறாமல் போகிறேன். விசுவாசியாதவர்கள் கேட்கக்கூடிய 64 கேள்விகளைப் பதிலோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் ‘கடவுள் இருந்தால் ஏன் இவ்வளவு துன்பம்’ என்று யாராவது கேட்டால் தடுமாறுகிறேன். வீட்டிலும் யாரும் காது கொடுப்பதில்லை. வகுப்பு நேரத்தில் அம்மாவை டயாலிசிஸுக்கு அக்கா வீட்டுக்காரர்தான் கூட்டிப்போகிறார், அவரிடம் பேச்செடுத்தாலே சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார். இன்னும் எப்படித் தயாராவது, எதைப் படிப்பது?

பதில்: இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை தம்பி. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வலுவானது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். உங்கள் வாஞ்சையைப் பாராட்டி நாலு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதை உங்கள் வகுப்பில் செய்துகொள்வார்கள். என் கண்ணில் பட்டது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன அந்த டயாலிசிஸ் வரிதான்.

64 கேள்விக்குப் பதில் தெரியும், சரி. உங்கள் அம்மா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சொல்லுங்கள் பார்க்கலாம்? அக்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் ஓடுகிற சிகிச்சை அது. போக, வர, காத்திருக்க என்று பாதி நாள் போய்விடும். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தை ரத்தம் நிற்கும்வரை பஞ்சு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலருக்குப் பிரஷர் சட்டென்று இறங்கி எழுந்தவுடன் தலை சுற்றும், பக்கத்தில் தோள் கொடுக்க ஆள் வேண்டும். மாமியாருக்காக ஒரு மனிதர் அங்கே நின்று தோள் கொடுக்கிறார், பெற்ற மகன் அந்த நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்து அன்பைப் பற்றிக் குறிப்பெடுக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறார் என்கிறீர்கள். நானாக இருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை ஆயிற்று என்று சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டவர்களை இயேசு எப்படிப் பிடிபிடியென்று பிடிக்கிறார் என்று பாருங்கள். அவர்கள் காசைக் கொர்பான் ஆக்கினார்கள், நீங்கள் சனிக்கிழமையை ஆக்கியிருக்கிறீர்கள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இன்னும் கடுமை: தன் வீட்டாரை விசாரிக்காதவன் ‘அவிசுவாசியிலும் கெட்டவன்’. உங்கள் விஷயத்தில் அந்த அவிசுவாசி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உடனே ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம் பண்ணட்டும்’ என்று இயேசு சொன்ன வசனத்தோடு வருவீர்கள், தெரியும். உங்களை மாதிரி நிறையப் பேர் அதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். வீடு ஒருவனை இயேசுவின் பின்னால் போகவிடாமல் இழுத்துப் பிடிக்கும்போது எதற்கு முதலிடம் என்று அந்த வார்த்தை கேட்கிறது. உங்களை யார் தடுத்தார்கள்? ஞானஸ்நானம் எடுத்தீர்கள், சபைக்குப் போகிறீர்கள், வீட்டில் யாராவது தடுத்ததாக ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அதே இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோதுகூடத் தாயைத் தம் சீஷனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் உயிர்விட்டார். பெற்றவளைப் பார்க்காத ஊழியம் என்று ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இப்போது தயாராவதற்கு வருவோம். உங்கள் வகுப்பில் 1 பேதுரு 3:15-ஐ நிச்சயம் மனப்பாடம் பண்ண வைத்திருப்பார்கள், நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று. முதலில் ஒருவர் கேட்க வேண்டும் இல்லையா? இரண்டு வருடத்தில் உங்கள் வீட்டில் யாராவது, ‘நீ ஏன் இப்படி மாறிவிட்டாய்’ என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். நோட்டில் இருக்கிற 64-ம் நீங்களாகக் கேட்டுக்கொண்ட கேள்விகள்.

துன்பத்தைப் பற்றிய கேள்விக்கு வலுவான பதில் வேண்டும் என்கிறீர்கள். எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள், இராப்பகலாக, அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். அப்புறம் வாயைத் திறந்தார்கள், அதிகாரம் அதிகாரமாக விளக்கம் கொடுத்தார்கள், கடைசியில் தேவனிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வாரா வாரம் அந்த மெஷின் பக்கத்தில் உட்காருகிற மனிதரிடம் போய் நீங்கள் துன்பத்துக்கு விளக்கம் சொல்லப்போகிறீர்களா? உங்களைவிட அவர் அதைக் கிட்டத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லப் பழகுங்கள். யோவான் 9-இல் இயேசுவால் பார்வை கிடைத்த குருடன் பரிசேயரிடம் அதைத்தானே சொன்னான், அவர் பாவியா இல்லையா எனக்குத் தெரியாது, நான் குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்று. உங்கள் கதையையும் அதே நீளத்தில் சொல்லிப் பாருங்கள். ‘அபிஷேகம்’, ‘ஆத்தும பாரம்’ மாதிரி சபைக்குள் மட்டும் புரிகிற சொற்கள் ஒன்றுகூட வரக் கூடாது. அரை மணி நேரப் பிரசங்கத்தைவிட அது கஷ்டமான வேலை.

இன்னொன்று. பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்துக்குப் போனபோது, மார்ஸ் மேடையில் பேசுவதற்கு முன்னால் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறார், ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருந்த பலிபீடம்வரை கவனித்திருக்கிறார், அவர்களுடைய கவிஞர்களின் வரியையே எடுத்துப் பேசியிருக்கிறார். அப்படிப் பேசியும் சிலர் கேலி செய்தார்கள், சிலர் அப்புறம் கேட்கிறோம் என்று போய்விட்டார்கள், சிலர்தான் நம்பினார்கள். அக்கா வீட்டுக்காரர் எதை நம்புகிறார், எதை வெறுக்கிறார், ராத்திரியில் எதை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று உங்கள் நோட்டில் ஒரு பக்கமாவது உண்டா? படிக்க என்ன என்று கேட்டீர்கள். அவரைப் படியுங்கள். அதோடு மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், காத்திருக்கிற நாலு மணி நேரத்துக்குள் முழுதாக முடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்தவுடன் உங்கள் மூளை அந்தப் பக்கம்தான் ஓடும். அம்மாவோடு போவதை ஒரு வாய்ப்பாக்கிக்கொள்ளாதீர்கள். கையில் ஊசியோடு எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவரிடம் பாவம், மரணம், நித்தியம் என்று ஆரம்பிப்பது கோழைத்தனம். பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் வேண்டாம். அம்மாவாகக் கேட்டால் பேசுங்கள், கேட்காவிட்டால் போர்வையை இழுத்துவிட்டு உட்காருங்கள்.

அக்கா வீட்டுக்காரருக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள். இத்தனை நாள் அவர் செய்ததற்கு நன்றி சொல்லுங்கள், இந்தச் சனிக்கிழமையிலிருந்து நான் போகிறேன் என்று சொல்லுங்கள், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்த நோட்டிலேயே இடம் இருக்கும். பேச்சு முடிகிற நேரத்தில் ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்று ஒட்டவைக்காதீர்கள், ஜெபியுங்கள், சொல்லாதீர்கள். வகுப்பு நடத்துகிறவரிடம் நாளை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் நின்றுவிடுங்கள். அடுத்த தடவை ஆரம்பிக்கும்போது சேரலாம், முதலில் ஆஸ்பத்திரி தேதிகளைப் பார்த்துவிட்டு.