இறங்கிய அன்றே என் அறைக்குப் போகலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். வயது இருபது. இந்த ஜூலையில் மெல்பேர்ணுக்குப் படிக்கப் போகிறேன். கிளேற்றனில் பல்கலைக்கழக விடுதியில் அறையும் கிடைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் படிக்கவென்று தனியாகப் போகும் முதல் ஆள் நான். இதுவரை கண்டிக்குக்கூடத் தனியாகப் போனதில்லை.

பெரியம்மாவின் மகன் மெல்பேர்ணிலேயே டண்டினோங்கில் இருக்கிறார். எயார்போர்ட்டுக்கு வந்து என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டுத்தான் விடுதியில் கொண்டுபோய் விடுவாராம். எனக்கோ இறங்கிய அன்றே என் அறைக்குப் போகவேண்டும் என்று ஆசை. அம்மாவிடம் சொன்னேன். "சொந்தத்தை முகத்தில அடிச்ச மாதிரி இருக்கும். தனிய ஒரு அறைக்குள்ள கிடந்து அழப்போறியே?" என்று கேட்டார். அழுவேனோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. நள்ளிரவு பிளைட். அங்கே இறங்கும்போது பின்னேரம் மூன்று மணியாகும். அந்த நாளை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. நான் கேட்பது திமிரா, அக்கா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

திமிர் இல்லை. அன்றிரவு நீர் உம்முடைய அறையில் படுப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். அண்ணா எயார்போர்ட்டுக்கு வரட்டும். கட்டாயம் வரட்டும். அவருடைய காரில் ஏறும், அண்ணி கட்டிக் கொடுத்துவிடும் சோற்றை வாங்கிக்கொள்ளும். கார் மட்டும் கிளேற்றனில் நிற்கட்டும்.

அண்ணா ஏன் இப்படிப் பிடிவாதமாக நிற்கிறார் என்பதை முதலில் யோசித்துப் பாரும். எண்பத்திமூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து போனவர்களில் எத்தனையோ பேருக்கு இறங்கிய இடத்தில் ஒருவரும் காத்து நிற்கவில்லை. கையில் ஒரு முகவரி, அதுவும் சரியோ பிழையோ தெரியாது. அந்தத் தலைமுறையின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், எங்கள் பிள்ளை ஒன்று வந்து இறங்குகிறது என்றால் வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். அதை உம்மை அடக்கிவைக்கும் முயற்சி என்று எடுக்காதேயும். உம்முடைய ஆசையையும் அவருடைய அன்பையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை. அவர் உம்மைக் கூட்டிப்போகத்தானே வேண்டும்? எங்கே என்பதை நீர் சொல்லலாம்.

ஏன் அறைக்கே போகச் சொல்கிறேன் என்றால், விடுதியில் எல்லாரும் புதிதாக வந்து இறங்கும் அந்த ஒரு கிழமைதான் கதவுகள் திறந்து கிடக்கும். சாவி எப்படிப் போடுவது, உடுப்பு தோய்க்கிற இடம் எங்கே, குசினியில் எந்தத் தட்டு யாருக்கு என்று ஆளை ஆள் கேட்பார்கள். அப்படிக் கேட்டுப் பழகியதுதான் பிறகு சிநேகமாகும். இரண்டு கிழமை கழித்துப் போனால் நீர் மட்டும் புது ஆள். அவர்களுக்கோ அதற்குள் சாப்பிடக் கூடும் மேசை, கூடப் போகும் ஆட்கள் எல்லாம் அமைந்திருக்கும். டண்டினோங்கில் உமக்குப் புட்டும் தமிழும் கிடைக்கும், எங்கே போவதென்றாலும் கூட்டிப்போக ஆள் இருக்கும். வெறும் அறை மட்டும் அப்படியே உமக்காகக் காத்திருக்கும். பயமும் இரண்டு கிழமை பின்போகுமே தவிர, குறையாது.

இந்தப் பாதை நம்முடைய ஊரிலிருந்தே தொடங்கியது என்பது உமக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது உருவான யோசனைதான், ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டம். 1951 இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் இலங்கை, மலாயா, இந்தோனேசியா என்று பல நாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனார்கள். வெள்ளையர் அல்லாதவர்கள் குடியேற முடியாமல் அந்த நாடு கதவைச் சாத்திவைத்திருந்த காலம் அது. 1973 இல்தான் அந்தக் கொள்கை முற்றாகக் கைவிடப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் போய் இறங்கிய பிள்ளைகள் விடுதிகளிலும், முன்பின் அறியாத வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீடுகளிலும் தங்கினார்கள். பக்கத்து அறைக்காரரோடும் வீட்டுக்காரரோடும் பழகித்தான் அந்த ஊர் அவர்களுக்குப் பிடிபட்டது. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. ஒன்று சொல்லவேண்டும்: கப்பலில் போனவர்களுக்கு நாட்கணக்கான கடல் இருந்தது. ஊரைவிட்டுப் பிரிந்ததை மெல்ல மெல்ல உணர்ந்து, ஆறி, பிறகுதான் கரையேறினார்கள். உமக்கு இருப்பது பத்தரை மணித்தியாலம். கட்டுநாயக்க எயார்போர்ட்டில் அம்மாவின் கையை விட்ட சூடு ஆறமுன்னமே அங்கே குளிருக்குள் நிற்பீர்.

அந்தக் குளிரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜூலை அங்கே நடு மாரி. பகலிலேயே 14 பாகை அளவில்தான் இருக்கும். அதைவிட உம்மை அசைக்கப்போவது இருட்டு. கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்குத்தான் பொழுது படும். அங்கே ஐந்தேகால் அளவில் சூரியன் இறங்கிவிடும். மூன்று மணிக்கு இறங்கி, குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து, நகரத்தைக் குறுக்கறுத்துக் கிளேற்றனுக்குப் போய்ச் சேரும்போது முழு இருட்டு. விளக்கைப் போட்டதும் கட்டிலில் மெத்தை மட்டும் இருக்கும். விரிப்பும் தலையணையும் தராத விடுதிகள் பல. போனைச் சார்ஜில் போடலாம் என்று பார்த்தால், எங்கள் சதுர மூன்றுமுனைப் பிளக் அங்கத்தைய சரிந்த துளைகளுக்குள் போகாது. "ஏன் வந்தேன்" என்று மனசு உடைவது இப்படியான நேரத்தில்தான். ஆகவே ஒரு கட்டில் விரிப்பு, மாற்றுப் பிளக், பவர் பாங்க், தடித்த ஒரு ஜக்கெற் இவ்வளவும் கைப்பையில் இருக்கட்டும். பவர் பாங்கை எப்படியும் பெரிய பெட்டிக்குள் போட விடமாட்டார்கள்.

அம்மா வறுத்து இடித்த தூளை இரண்டு பைக்குள் கட்டி, மேலே ஒரு துவாயும் சுற்றித் தருவார். கொண்டுபோம். ஆனால் வருகைப் படிவத்தில் உணவு கொண்டுவருகிறீரா என்ற கேள்விக்கு "ஆம்" என்றே போடும். தூள், பயற்றம்பணியாரம், கருவாடு எதையும் மறைக்கவேண்டாம். அறிவித்த பொருளை அவர்கள் பார்ப்பார்கள், கூடாதென்றால் எடுத்துவிடுவார்கள், அதோடு முடிந்தது. அறிவிக்காமல் பிடிபட்டால்தான் தண்டப்பணம். பச்சையாகப் பழம், இலை எதுவும் வேண்டாம். பெரியம்மா கறிவேப்பிலை தந்துவிட்டால் இங்கேயே வைத்துவிட்டுப் போம்.

அழுகை வரும். வந்தால் அழும். நித்திரை கெட்ட உடம்புக்கு அன்று எல்லாமே பாரமாகத்தான் தெரியும், அதை வைத்து அந்த நாட்டைப் பற்றியோ உம்மைப் பற்றியோ எந்த முடிவுக்கும் வரவேண்டாம். சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு பிள்ளையும் அப்படித்தான் படுத்திருக்கும்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஜூலையில் மெல்பேர்ண் நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முந்தி. அம்மாவுக்குப் பயம் கூடும் இரவு பத்து மணிக்கு உமக்கு விடிய இரண்டரை. அவர் எடுப்பார், நீர் நித்திரையில் எடுக்கமாட்டீர், இங்கே வீடு முழுக்க முழித்துக்கொண்டிருக்கும். ஆகவே போகமுன்னமே நேரம் பேசிக்கொள்ளும். வெளியே வந்து அண்ணாவைக் கண்டதும் ஒரு செய்தி. அறைக்குப் போனதும் ஒரு வீடியோ கோல்: கட்டில், யன்னல், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் அம்மாவுக்குக் காட்டும், பூட்டிக் காட்டும். பிறகு அடுத்தநாள் இங்கே காலை ஆறரை, அங்கே பதினொன்று. இடையில் போன் மௌனமாக இருந்தால் பிள்ளை நித்திரை என்று அம்மாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். ஒக்ரோபரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், அதையும் இப்போதே சொல்லிவையும்.

இரண்டு வேலை மிச்சம். விடுதிக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போட்டு, ஆறு மணிக்குப் பிறகு வந்தால் சாவியை யார் தருவார்கள் என்று கேளும். ஒருவரும் இல்லை என்றால் அன்றிரவு டண்டினோங்தான், அடுத்தநாள் காலையில் விடுதி. அதில் ஒரு தோல்வியும் இல்லை. மற்றது அண்ணாவோடு கதைப்பது. அம்மா பெரியம்மாவுக்குச் சொல்லி, பெரியம்மா அவருக்குச் சொன்னால் வார்த்தை வழியில் திரிந்துவிடும். நீரே எடும். "அண்ணா, நீங்கள் வந்தால்தான் எனக்குத் தெம்பு. என்னை நேரே விடுதியில விடுங்கோ, நீங்களும் மேல வந்து அறையைப் பாருங்கோ. சனிக்கிழமை ட்ரெயின் எடுத்து வீட்டுக்கு வாறன், ஞாயிறும் நிற்பன்" என்று சொல்லும். கிளேற்றனும் டண்டினோங்கும் ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. சனிக்கிழமை சொன்னபடி போம்.

அன்புடன்,
அக்கா