செஸ்ஸில் உலக சாம்பியனையே வெல்லும் கணினி, சிவிலைசேஷன் மாதிரியான, முறை வைத்து ஆடும் டர்ன் விளையாட்டுகளில் ஏன் சொதப்புகிறது?

முழுக்கச் சொதப்புகிறது என்று சொல்ல மாட்டேன். நகரங்களைக் கட்டி, படை திரட்டி ஒரு நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டுத் தொடர் அது; அதில் சிவிலைசேஷன் 4, 5, 6 மூன்றையும் பல வருடங்களாக ஆடிவருகிறேன். சில வேலைகளில் கணினி எதிராளி நம்மைவிடக் கெட்டி. சிலவற்றில் சின்னப் பிள்ளைகூடச் செய்யாததைச் செய்யும். எதில் கெட்டி, எதில் சொத்தை என்பதைப் பெரும்பாலும் அந்த விளையாட்டின் விதிகள்தான் முடிவு செய்கின்றன. ப்ரோகிராம் எழுதியவரின் திறமை அதற்கு அப்புறம்தான் வருகிறது. இதற்குச் சாட்சி அந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது.

2005-ல் வந்த சிவிலைசேஷன் 4-ல் ஒரே கட்டத்தில் எத்தனை படைகளை வேண்டுமானாலும் அடுக்கலாம். கணினிக்கு இது ரொம்ப வாகான விதி. அதில் போர்வெறி பிடித்த தலைவர்களான மான்டெசூமாவோ ஷாக்காவோ பக்கத்து நாடாக அமைந்துவிட்டால், ஒரு நாள் எல்லையில் பத்துப் பதினைந்து படைகள் ஒரே குவியலாக வந்து நிற்கும். கேட்டபல்ட்கள் (கல்லெறி பொறிகள்) முதலில் நகரத்தின் அரணை இடிக்கும், அப்புறம் உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அடி விழும். நாலு வில்வீரரை வைத்துக்கொண்டு அந்த நகரத்தைக் காப்பாற்ற முடியாது. அந்த எதிராளியிடம் எனக்கு நிஜமான பயம் இருந்தது.

2010-ல் சிவிலைசேஷன் 5 வந்தது. அறுகோணக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படைதான். மனிதர்கள் ஆடுவதற்கு இது அருமையான மாற்றம்: குன்று, ஆறு, காடு எல்லாவற்றுக்கும் அர்த்தம் வந்தது. கணினிக்கோ அன்றோடு கஷ்டகாலம் ஆரம்பித்தது. "படையைத் திரட்டிக்கொண்டு போ" என்ற ஒற்றை முடிவு, யார் முன்னே, யார் பின்னே, யார் யாருக்கு வழிவிடுவது என்று பத்துப் பதினைந்து முடிவுகளாகச் சிதறிவிட்டது.

ஒரு முற்றுகையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது புரியும். அந்த விளையாட்டில் கேட்டபல்ட் சுடுவதற்கு முன் அதை நிலைநிறுத்த வேண்டும். அதற்கே ஒரு நகர்வு போய்விடும். ஆக, நகரத்தின் சுடுதூரத்துக்குள் நுழைந்த அதே டர்னில் அதனால் சுட முடியாது. நகரமோ இரண்டு கட்டத் தூரம் வரைக்கும் டர்னுக்கு ஒரு முறை சுடும். அனுபவமுள்ள ஆட்டக்காரர் வாள்வீரர்களை முன்னால் அனுப்பி, நகரத்தின் அடியை அவர்கள் தாங்கிக்கொள்ளும்படி நிறுத்துவார். அப்புறம்தான் கையில் இருக்கும் கேட்டபல்ட் எல்லாவற்றையும் ஒரே டர்னில் உள்ளே கொண்டுவருவார். கணினி ஆடும்போது, வழியில் ஒரு காடு குறுக்கிட்டால் போதும், வாள்வீரர் பின்தங்கிவிடுவார், கேட்டபல்ட் தனியாக முன்னால் வந்து நிற்கும். நகரம் ஒரு அடி, உள்ளே இருக்கும் வில்வீரர் ஒரு அடி, பக்கத்தில் நிற்பவர் ஒரு அடி. அது போச்சு. அடுத்த டர்னில் அடுத்த கேட்டபல்ட் அதே கட்டத்துக்கு வரும்.

கடல் வழியாக வந்தால் இன்னும் மோசம். துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமலே தரைப்படைகளைக் கடலில் இறக்கிவிடும். கரையோரம் இரண்டு ஃபிரிகேட் போர்க்கப்பல் வைத்திருப்பவர் ஒரு படையெடுப்பையே மூழ்கடித்துவிடலாம்.

சரி, செஸ் கேள்விக்கு வருவோம். செஸ்ஸில் ஒரு முறைக்கு ஒரு காய்தான் நகரும். சராசரியாக 35 நகர்வுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிவிலைசேஷனில் உங்கள் முறை வந்தால் உங்கள் படைகள் அத்தனையும் நகரலாம். பத்துப் படை, ஒவ்வொன்றுக்கும் பத்தே இடம் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரே டர்னில் ஆயிரம் கோடி சேர்க்கைகள். 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கணினி நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது. அந்த வேகத்தில் போனாலும் இந்த ஒரு டர்னை எண்ணி முடிக்கவே 50 நொடி ஆகும். பதிலுக்கு எதிரி என்ன செய்வார் என்ற கணக்கு அதில் சேரவே இல்லை. செஸ் பலகையில் எல்லாமே கண்முன் இருக்கிறது, இங்கே வரைபடத்தில் பாதி மூடிக் கிடக்கிறது. செஸ் விதிகள் வெகுகாலமாகப் பெரிதாக மாறவில்லை, இங்கே ஒவ்வொரு பேட்சிலும் (திருத்தப் பதிப்பிலும்) ஏதாவது மாறுகிறது.

நேரமும் ஒரு பெரிய காரணம். செஸ்ஸில் எதிராளி பத்து நிமிடம் யோசித்தால் நாம் காத்திருப்போம். இங்கே ஏழெட்டு நாடுகள் சேர்ந்து சில நொடிக்குள் ஆடி முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் நமக்குப் பொறுமை போய்விடும். இது வெறும் ஊகம் இல்லை. சிவிலைசேஷன் 5-இன் மையப் பகுதி சோர்ஸ் கோடை (ப்ரோகிராம் மூலத்தை) அதைத் தயாரித்த ஃபிராக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட பிறகு, ரசிகர்களே அதை எடுத்துத் திருத்தி வாக்ஸ் பாப்புலி என்ற மாடை, அதாவது மாற்றியமைத்த வடிவத்தை, உருவாக்கினார்கள். அதில் கணினி அடிபட்ட படையைப் பின்வாங்க வைக்கும், பலர் சேர்ந்து ஒருவரைக் குறிவைப்பார்கள். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் டர்னுக்கு டர்ன் காத்திருக்க வேண்டியதுதான் அதற்கு விலை. சம்பளம் வாங்காமல் வருடக்கணக்கில் உழைத்த அந்த ஆட்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இப்போது அதன் பலம். கணினிக்குச் சலிப்பே கிடையாது. பதினைந்து நகரங்கள் ஆன பிறகு நாம் அரை மனதோடு பட்டனைத் தட்டிக்கொண்டிருப்போம், அது ஒவ்வொரு டர்னிலும் ஒவ்வொரு நகரத்தையும் எட்டிப் பார்க்கும். எண்ணிப் பார்க்கக்கூடிய எதிலும் அது சுலபத்தில் ஏமாறாது. சிவிலைசேஷன் 4-ல் நம் படைபலத்தையும் தன் படைபலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் போரை யோசிக்கும். பிரமிடு மாதிரியான உலக அதிசயங்கள் கட்டும் ஆசையில் காவலைக் குறைத்தவர்கள் வீட்டு வாசலில் அது வந்து நிற்பது தற்செயல் இல்லை.

ஆனால் எண்ணிக்கையில் வராத ஒன்று வந்துவிட்டால் அதே பலம் பலவீனம் ஆகிவிடும். சிவிலைசேஷன் 5-இன் ஆரம்ப நாட்களில் ஒரு தந்திரம் பிரபலம். எதிரியிடம் கையிருப்புத் தங்கம் முழுவதையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு, டர்னுக்கு இவ்வளவு என்று தவணையில் திருப்பித் தருவதாக ஒப்பந்தம் போட வேண்டியது. அடுத்து போர் அறிவித்துவிட்டால் ஒப்பந்தம் ரத்து, வாங்கிய பணம் நமக்கே. கொடுத்தவனுக்குக் கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆளை எடைபோடத்தான் அதற்குத் தெரியவில்லை. கடைசியில் 2013-இன் பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்தில், நட்பு அறிவித்த நாட்டோடு மட்டுமே மொத்தத் தங்கம் பேரம் பேசலாம் என்று விதியையே மாற்றினார்கள்.

அடுத்து கடினநிலை. நிலையை ஏற்றினால் கணினி இன்னும் ஆழமாக யோசிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தொடரில் அப்படி இல்லை, சலுகைதான் கூடுகிறது. சிவிலைசேஷன் 6-இன் உச்ச நிலையான டெய்ட்டியில், தொடக்கத்தில் நகரம் அமைக்க நமக்கு ஒரு குடியேறி, அதற்கு மூன்று. சண்டையிலும் அதற்குக் கூடுதல் பலம். சமமில்லாத ஆட்டம் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலியும் 15 ஆடும் சமமா என்ன? அங்கே புலியின் வேலை வேறு, ஆட்டின் வேலை வேறு என்பதுதான் சுவையே. இங்கே இரு தரப்புக்கும் ஒரே வேலை, ஒரே இலக்கு. ஒருவர் ரொம்ப தூரம் முன்னால் இருந்து தொடங்குகிறார், அவ்வளவுதான். அதனால் ஆட்டத்தின் வடிவமே கோணலாகிவிடுகிறது: முதல் நூறு டர்ன் தாக்குப்பிடிப்பது பெரும்பாடு, தாக்குப்பிடித்துவிட்டால் மிச்சம் வெறும் சம்பிரதாயம்.

எனக்குப் பிடித்தவை, கணினியின் பலவீனம் எது என்று தெரிந்து அதற்கேற்ப விதிகளை அமைத்த விளையாட்டுகள். 2018-ல் வந்த இன்டூ த ப்ரீச்சில் எட்டுக்கு எட்டு பலகை, எதிரிகள் அடுத்து யாரை எங்கே அடிக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே திரையில் தெரியும். அதைத் தடுப்பதுதான் நம் வேலை, ஆகவே எதிரி புத்திசாலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிவிலைசேஷன் 4-இன் தலைமை வடிவமைப்பாளரும் அதன் ஏஐ-யை எழுதியவருமான சோரன் ஜான்சன் பின்னாளில் செய்த ஓல்ட் வேர்ல்டில், ஒரு டர்னில் இத்தனை ஆணைகள்தான் என்று பொதுவான ஓர் இருப்பு உண்டு. ஆணை மிச்சமிருந்தால் ஒரே படையை வெகு தூரம் நகர்த்தலாம். கட்டத்துக்கு ஒரு படை என்ற அதே விதியோடு, கணினி அங்கே ஆளைச் சேர்த்து நன்றாகவே அடிக்கிறது.

காசு செலவில்லாமல் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றால் பேட்டில் ஃபார் வெஸ்நாத்தை இறக்கி ஆடிப் பாருங்கள். திறந்த மூல விளையாட்டு, 2003-லிருந்து வருகிறது. அதன் ஏஐ தாக்குவது, கிராமம் பிடிப்பது, முன்னேறுவது என்று ஒவ்வொரு செயலுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதைச் செய்துவிட்டு மறுபடி கணக்குப் போடும். ஒரு தனிச் சண்டையின் சாத்தியங்களை நம்மைவிடத் துல்லியமாகக் கணிக்கும். ஆனால் அங்கே ஓர்க்குகள் என்ற அரக்கப் படைகளுக்கு இரவில் 25 சதவீதம் பலம் கூடும், பகலில் அதே அளவு குறையும். மனிதர் ஆடினால் விடியும்போது பின்வாங்கி அடுத்த இரவுக்குக் காத்திருப்பார், கணினி பெரும்பாலும் பட்டப்பகலிலும் முன்னேறிக்கொண்டே இருக்கும். ஆற்றங்கரையில் வலுவான ஒரு வீரரை நிறுத்திவிட்டு, அது தண்ணீரில் இறங்கி நின்று அவரைத் தாக்க வருகிறதா என்று பாருங்கள்.

சிவிலைசேஷன் 5 ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் டெய்ட்டிக்குப் போக வேண்டாம். வாக்ஸ் பாப்புலியைப் போட்டு, இரு தரப்புக்கும் ஏறக்குறைய சமமான பிரின்ஸ் நிலையில் ஆரம்பியுங்கள், நாடுகளின் எண்ணிக்கையை ஆறாகக் குறைத்துக்கொண்டால் காத்திருக்கும் நேரமும் தாங்கும்படி இருக்கும்.