.32 ரைஃபிளில் குறி சிதறினால்: கேள்வி பதில்

வாய்வழியே கருமருந்து இட்டு, துணியில் பொதிந்த ஈயக் குண்டை மேலே கெட்டித்துச் சுடும் பழைய பாணி ரைஃபிள்களைப் பற்றிய கேள்விகள் இவை. அமெரிக்காவில் அணில் வேட்டைக்குப் பேர்போன .32 (அங்குல) அளவுக்குக் குழல் விட்டம் 8 மி.மீ.தான். நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியின் வழவழப்பான குழல் அல்ல. உள்ளே முறுக்காக வரிப்பள்ளம் ஓடும்.

அண்ணா, துப்பாக்கி புதிது. 25 கஜத்திலேயே குண்டுகள் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறுகின்றன. குழலை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் சுட்ட துணியைத் தேடி எடுங்கள். துப்பாக்கி வாய்க்குச் சில மீட்டர் முன்னால் தரையில் கிடக்கும். ஓரம் பிசிறி, நடுவில் கரி படிந்து, மற்றபடி முழுசாக இருந்தால் துணியைக் குறை சொல்ல முடியாது. நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லிது, அல்லது அதில் தடவிய கொழுப்பு போதவில்லை. குண்டு உட்கார்ந்த வட்டத்தில் பிளேடால் கீறியதுபோல் வெட்டு இருந்தால் குழல் வாயின் விளிம்போ வரிகளின் முனையோ கூராக இருக்கிறது. விளிம்பானால், நைசான உப்புத்தாளைக் கட்டைவிரலால் அழுத்தி, திசை மாற்றி மாற்றிச் சுழற்றி மழுக்குங்கள். வரிகளின் கூர் சுடச் சுடத்தான் தேயும்.

துணி நெருக்கமாக நெய்த சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் கலந்தால் உருகும். .310 அங்குலக் குண்டுக்கு 0.015 முதல் 0.018 அங்குலத் தடிமன் வரை முயன்று பாருங்கள். கஞ்சி போக அலசிய பிறகே அளக்க வேண்டும்.

முதல் மூன்று நன்றாக விழுகின்றன. பிறகு சிதறல், ஐந்தாவது குண்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

கரிப்படிவு. குழல் குறுகலாக இருப்பதால் கொஞ்சம் கரியே வழியை அடைத்துவிடும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் லேசாக ஈரமான துணியால் ஒரு துடைப்பு, அடுத்து உலர்ந்த துணி. ஈரம் சொட்டினால் மருந்து நமுத்துவிடும்.

பாதியில் நின்ற குண்டோடு சுடவே கூடாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) இல்லாத நிலையில், திருகுமுனைக் கம்பியால் குண்டை வெளியே இழுங்கள். குண்டு சரியாக மருந்தின் மேல் உட்காரும்போது கெட்டிக்கும் கம்பி எதுவரை இறங்குகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு குழல் வாய்க்கு வர வேண்டும்.

மருந்து எவ்வளவு போடலாம்?

3எஃப் (பொடி மணி) கருமருந்து, கொள்ளளவுக் கோப்பையில் 20 கிரெயின் (சுமார் 1.3 கிராம்) என்று தொடங்கி, இரண்டிரண்டாக ஏற்றுங்கள். துப்பாக்கி செய்தவர் சொன்ன வரம்பைத் தாண்ட வேண்டாம். மருந்தை மாற்றும் நாளில் துணியை மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எதனால் தேறியது என்றே தெரியாது. தற்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தைத் துளிகூடப் போடாதீர்கள், குழல் தாங்காது.

முதல் குண்டு மட்டும் எப்போதும் எங்கோ போகிறது.

துரு பிடிக்காமல் தடவி வைத்த எண்ணெய்தான். சுடும் முன் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, மருந்து இடாமல் ஓரிரு கேப்புகளை மட்டும் வெடித்துக் காயவிடுங்கள்.

கார்ச் சக்கர எடைகளை உருக்கிக் குண்டு வார்க்கிறேன். சரிதானே?

வேண்டாம். அது கடினக் கலவை. அதே அச்சில் வார்த்தாலும் குண்டு துளி பருத்து வரும், குழலில் இறுகும். சுத்தமான மெத்து ஈயம் வாங்குங்கள். வார்த்தவற்றைத் தராசில் நிறுத்து, எடை குறைந்ததை மறுபடி உருக்குச் சட்டியில் போடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கும். குழலில் இடும்போது, வார்ப்பு வால் (அச்சின் வாயில் ஈயம் உறைந்து நிற்கும் முனை) வெட்டிய தட்டை முகம் எப்போதும் மேலே பார்க்கட்டும்.

50 கஜத்தில் சில நாள் நேராகவும் சில நாள் பக்கவாட்டிலும் போகிறது.

குண்டின் எடை 3 கிராம்கூட இல்லை. காற்று தள்ளத்தான் செய்யும். கம்பத்தில் ஒரு நாடாவைக் கட்டி, அது தொங்கும்போது சுடுங்கள்.