மழைச் செய்தி வந்ததும் கார்டை எடுக்காதீர்கள்

கேள்வி: சொந்த ஊர் இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு. ஆற்றங்கரையில் அம்மா பெயரில் ஓட்டு வீடு. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் அம்மாவின் குரலைக்கூடக் கேட்க முடியவில்லை. அதன்பின், “அணை ஷட்டர் திறக்கப் போகிறார்கள்” என்று அண்ணன் போன் செய்தாலே கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் 40,000 ரூபாய். அண்ணன் ஜீப் ஓட்டுகிறார். மழையில் சவாரி கிடையாது. போன ஆண்டு வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனாலும் அனுப்பினேன். இப்போது பாக்கி 1,60,000. மாதம் 8,000 கட்டுகிறேன். ஆண்டுக்கு 50,000 கட்டும் ‘முதலீட்டுடன் காப்பீடு’ பேரிடருக்கு உதவும் என்கிறார் ஏஜென்ட். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம். அவர் சொல்வது யூலிப். ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாது. அது உயிருக்கான காப்பீடு. சுவர் இடிந்தால் ஒரு ரூபாய்கூட வராது. கார்டு கடனில் தவிக்கும் ஒருவரிடம் இதை விற்க வருகிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் பிரச்சினை, போன் வந்த பதற்றத்தில் கடன் வாங்கும் பழக்கம். கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால், 1,60,000-க்கு 5,600 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 6,600. நீங்கள் கட்டும் 8,000-இல் அசலுக்குப் போவது வெறும் 1,400. முதல் ஆண்டில் வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் ஏறக்குறைய 75,000 ரூபாய்! ஊருக்கு ஒரு முறை அனுப்பும் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அன்று அருகில் இல்லையே என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் ஊருக்கு மேலே உள்ள முல்லைப்பெரியாறு அணையில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்ட அந்த நாளில், ஊரில் இருந்திருந்தாலும் அம்மாவைக் கைப்பிடித்து முகாமுக்கு அழைத்துப் போயிருப்பீர்கள். அதற்கு மேல் யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அந்தத் தவிப்புக்காக மாதாமாதம் வங்கிக்கு வட்டி கட்டாதீர்கள்.

நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். பத்து சதவீத வட்டியில், அதே 8,000-ஐக் கட்டி வந்தால் 22 மாதத்தில் கடன் தீரும். கார்டிலேயே விட்டால், புதிதாக ஒரு ரூபாய் எடுக்காவிட்டாலும் மூன்றரை ஆண்டு ஆகும். அடைத்ததும் அந்தக் கார்டில் ரொக்கம் எடுக்கும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்ணீரே வராத ஆண்டில் அந்த 40,000 எங்கே போனது? ஜீப் தவணைக்குப் போயிருந்தால் அது வேறு விஷயம். அதை அவர் நேரடியாகக் கேட்கட்டும், முடிந்ததைக் கொடுங்கள். அணையின் பெயரால் வேண்டாம். மழை அவசரத்துக்கு அம்மாவும் நீங்களும் சேர்ந்த கூட்டுக் கணக்கில், மே மாதம் முடிவதற்குள், 20,000 ரூபாய் போட்டு வையுங்கள். சில நாள் வாடகை அறை, ஜீப் கூலி, மருந்து, தார்ப்பாய் இவற்றுக்கு அது போதும்.

வீட்டுக்கு நேரடிக் காப்பீடு இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. வெள்ளம், நிலச்சரிவு இரண்டும் அதில் அடங்கும். கட்டடத்துக்குப் போடும் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். மனையின் மதிப்பைச் சேர்க்காமல், திரும்பக் கட்ட ஆகும் செலவை மட்டும் எழுதுங்கள். உங்கள் வீடு போன்றதற்குப் பிரீமியம் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் முடியும். பாலிசி அம்மா பெயரிலேயே இருக்கட்டும். அம்மா உங்களிடம் வந்து தங்கும் மாதங்களில் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், அதற்கு என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளியூரில் இருக்கும் உங்களால்தான் செய்ய முடிந்த வேலை ஒன்று உண்டு. அடுத்த விடுமுறையில் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுங்கள்: பிரிட்ஜின் பின்பக்கம் உள்ள எண், மிக்ஸி, பீரோ, கூரை மரம், சுவரில் 2018 தண்ணீர் நின்ற கறை. வீட்டு வரி ரசீது, பத்திரம், பாலிசி எண்ணையும் சேர்த்து உங்கள் போனில் வையுங்கள். ஊரில் எல்லாம் நனைந்து கிடக்கும்போது, திருப்பூரிலிருந்தே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடலாம். சேதத்தைக் கிராம அலுவலகத்தில் பதிய அம்மாவிடம் சொல்லுங்கள். 2018-இல் வெள்ளம் புகுந்த குடும்பங்களுக்குக் கேரள அரசு தந்த உடனடி உதவி 10,000 ரூபாய். சேறு வழிப்பதற்கு முன் அண்ணனைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணத்தைவிட அந்த உதவிதான் அவரிடமிருந்து உங்களுக்கு வேண்டியது.